கட்டி போய்விட்டது, பிள்ளை ஏன் பின்தங்குகிறான்?

குழந்தைகளின் மூளைக்கட்டி ஆபரேஷன் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வருடங்களைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகள். பெயர், ஊர் எதுவும் போடவில்லை.

என் மகனுக்கு ஐந்து வயதில் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஸ்கேனும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவன் இப்போது எதையுமே முடிப்பதில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், சோம்பேறி ஆகிவிட்டான்" என்கிறார் டீச்சர். கட்டி திரும்ப வருகிறதா?

ஸ்கேன் சுத்தமாக இருக்கும்போது, நீங்கள் சொல்லும் இந்த மாதிரியான மெதுவான பின்னடைவுக்குக் கட்டி காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தலைவலி, வாந்தி, நடையில் திடீர் தள்ளாட்டம் என்று ஏதாவது புதிதாக வந்தால் மட்டும் அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், அந்த 'சோம்பேறி' என்ற சொல்லை வீட்டிலும் பள்ளியிலும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் பையனுக்கு நடப்பது சிகிச்சையின் தாமதமான விளைவு. இதே கட்டிக்கு இதே சிகிச்சை எடுத்த பிள்ளைகளில் மிகப் பலருக்கு இப்படித்தான் நடக்கிறது.

மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவது நரம்பு இழைகள் வழியாக. அந்த இழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை உருவானால்தான் செய்தி வேகமாகப் போகும். ஐந்து வயதில் அந்த வேலை பாதியில் இருக்கிறது. ரேடியேஷன் அதைப் பாதிக்கிறது, அதுவும் உடனே தெரிவதில்லை, ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் மெல்ல வெளியே வருகிறது. ஏழு வயதுக்கு முன் ரேடியேஷன் எடுத்தவர்களுக்குப் பாதிப்பு கூடுதல். அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் வருடா வருடம் இறங்குவதைப் பார்த்துப் பெற்றோர் பதறிவிடுகிறார்கள். பிள்ளை தெரிந்ததை மறந்துகொண்டே போகிறான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவன் கற்றுக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் அவன் வயதுப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் கற்பதை அவனால் ஒரு வருடத்தில் கற்க முடிவதில்லை, அதனால் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. இரண்டாம் வகுப்பில் வெளியே தெரியாத சிரமம் நான்காம் வகுப்பில் தெரிவதற்கும் இதுதான் காரணம், பாடம் கூடுகிறது, வேகம் கேட்கிறது.

கரும்பலகையில் பத்து வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகன் ஒரு வரியை வாசிக்க வேண்டும், அதை மனதில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிய வேண்டும், நடுங்கும் கையைக் கட்டுப்படுத்தி எழுத வேண்டும், மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைக் கண்ணால் தேட வேண்டும். இதில் ஒவ்வொரு படியும் சிறுமூளை ஆபரேஷனும் ரேடியேஷனும் தொட்டுவிட்டுப் போன இடம்: கண் அசைவு, தற்காலிக நினைவு, கையின் நிதானம், யோசிக்கும் வேகம். மூன்றாவது வரியில் அவன் இருக்கும்போது டீச்சர் பலகையை அழித்துவிடுகிறார். நோட்டைப் பார்ப்பவருக்கு மூன்று வரிதான் தெரியும். அந்த மூன்று வரிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு மற்ற பிள்ளைகளின் பத்து வரிக்கு இருந்ததைவிட அதிகம்.

காதையும் பாருங்கள். கீமோவில் சிஸ்பிளாட்டின் கொடுத்திருப்பார்கள், அது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறனை முதலில் பாதிக்கும். பிள்ளை கூப்பிட்டால் திரும்புவான், பாட்டு கேட்பான், அதனால் காது நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் ஸ், ஷ், ஃப் போன்ற ஒலிகள் நழுவிவிடும், சத்தமான வகுப்பறையில் பாதி வாக்கியம் புரியாது, 'கவனிக்கவே மாட்டேங்கிறான்' என்ற பெயர் வரும். வருடத்துக்கு ஒருமுறை முழுமையான செவித்திறன் சோதனை அவசியம். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் பிள்ளை மந்தமாகத்தான் இருப்பான்.

செய்ய வேண்டியது: நியூரோசைக்காலஜிஸ்ட் (நினைவு, கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றைச் சோதிக்கும் நிபுணர்) ஒருவரிடம் முழு மதிப்பீடு. ஒருமுறை செய்துவிட்டு விடுவதில்லை, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை, குறிப்பாக ஒவ்வொரு பள்ளிக் கட்டம் மாறும்போதும். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு டீச்சரைப் பாருங்கள், சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: பலகையில் எழுதுவதை அச்சிட்ட தாளாகக் கொடுக்க முடியுமா, தேர்வில் கூடுதல் நேரம் தர முடியுமா, பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து போதுமா (கணக்கை எளிதாக்க வேண்டாம், எண்ணிக்கையைக் குறைத்தால் போதும்), வாயால் பதில் சொல்ல விடலாமா, முன் வரிசையில் உட்கார வைக்கலாமா. மதியத்துக்கு மேல் களைப்பு வரும், கடினமான பாடம் காலையில் இருந்தால் நல்லது. கவனக்குறைவுக்குத் தரும் மீதைல்ஃபெனிடேட் மருந்தை இப்படிப்பட்ட பிள்ளைகளிடமும் சோதித்திருக்கிறார்கள், சிலருக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. ஆனால் வலிப்பு, இதயம், வளர்ச்சி எல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு பாதிப்பு என்றால் ரேடியேஷனைக் குறைத்துக் கொடுக்கக் கூடாதா? எங்கள் மகளுக்கு இரண்டு வயது, இப்போதைக்குக் கீமோ மட்டும் என்கிறார்கள். சரியா?

சரிதான். மூன்று வயதுக்குக் கீழே மூளை முழுவதற்கும் ரேடியேஷன் கொடுத்தால் வரும் பாதிப்பு மிகப் பெரியது, அதனால்தான் அந்த வயதில் கீமோவைக் கொண்டு ரேடியேஷனைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ பார்க்கிறார்கள். கட்டியின் வகையைப் பொறுத்துச் சில குழந்தைகளுக்கு ரேடியேஷன் தேவைப்படாமலே போவதும் உண்டு.

குறைக்கும் முயற்சி பல வருடமாக நடக்கிறது. குஷிங்கும் பெய்லியும் 1925-இல் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்குப் பெயர் வைத்த காலத்தில் இந்தக் கட்டி வந்த பிள்ளைகள் பிழைப்பதே அரிது. மூளை, முதுகுத்தண்டு முழுவதற்கும் ரேடியேஷன் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் வாழ ஆரம்பித்தார்கள். வெகுகாலம் 36 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) கொடுத்தார்கள். பிறகு கீமோவைச் சேர்த்துக்கொண்டு, பரவாத, முழுசாக எடுக்கப்பட்ட கட்டிகளுக்கு 23.4 கிரே போதும் என்று வந்தது. அதையும் 18 ஆக்கலாமா என்று மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள், முடிவு 2021-இல் வெளியானது: 23.4 கிரே எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 83 பேர் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள், 18 கிரே எடுத்தவர்களில் சுமார் 71 பேர். அதாவது குறைத்ததற்கு விலை உயிர். அதனால் டாக்டர் "இதற்குக் கீழே போக முடியாது" என்று சொல்லும்போது அது பிடிவாதம் இல்லை. மரபணு வகையைப் பார்த்து, நல்ல வகைக் கட்டிகளுக்கு மட்டும் குறைக்க முடியுமா என்று இப்போதும் ஆய்வுகள் நடக்கின்றன. புரோட்டான் ரேடியேஷன் கிடைத்தால், கட்டியைத் தாண்டி நல்ல திசுவுக்குப் போகும் அளவு குறையும், கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆறு வயது மகளுக்குச் சிறுமூளைக் கட்டியை எடுத்தார்கள். கண் விழித்து "அப்பா, தண்ணி" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரம் ஆகிறது. அழுகிறாள், கத்துகிறாள், உடம்பு துவண்டு கிடக்கிறது. கையெழுத்துப் போட்டவன் நான்.

ஐயா, நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் கட்டி அவளைக் கொண்டுபோயிருக்கும். இதை முதலில் மனதில் வையுங்கள்.

நீங்கள் விவரிப்பதை டாக்டர்கள் சிறுமூளைப் பேச்சின்மை என்பார்கள். மெடுல்லோபிளாஸ்டோமா ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு வருகிறது. முதல் ஓரிரு நாள் பேசிவிட்டுப் பிறகு நின்றுபோவதுதான் இதன் அடையாளமே. சிறுமூளையிலிருந்து மேலே பெருமூளைக்குப் போகும் பாதை பாதிக்கப்படுவதால் வருவது. பயத்தாலோ கோபத்தாலோ அவள் பேசாமல் இருக்கவில்லை, யாரும் கண்ணு வைக்கவும் இல்லை. ஆபரேஷனில் தவறு நடந்தது என்றும் இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது, நடுக்கோட்டில் மூளைத்தண்டை ஒட்டி இருக்கும் கட்டியைத் திறமையானவர்கள் எடுத்தாலும் இது வரலாம்.

பேச்சு திரும்பும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். முதலில் முனகல், அப்புறம் ஒற்றைச் சொல், அப்புறம் இழுத்து இழுத்து, ஏற்ற இறக்கம் இல்லாத பேச்சு. அவள் கேட்கிறாள், பெரும்பாலும் புரிந்தும் கொள்கிறாள், எனவே அவள் முன்னால் "இனி இப்படியேதானா" என்று யாரும் பேச வேண்டாம். "அம்மா சொல்லு, ஒரே ஒரு தடவை சொல்லு" என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம். கண் சிமிட்டல், தலையசைவு, படம் காட்டித் தொடச் சொல்வது என்று ஏதாவது ஒரு வழியில் 'ஆமாம், இல்லை' சொல்ல வையுங்கள், வேண்டியதைச் சொல்ல முடிந்தால் அந்தக் கத்தலும் கொஞ்சம் குறையலாம். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் இப்போதே தொடங்க வேண்டும், பேச ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விழுங்குவது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாய்வழி உணவு.

ஒன்றை மறைக்க மாட்டேன். பேச்சு வந்த பிறகும் நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், படிப்பில் சிரமம் ஆகியவை பலருக்கு வருடக்கணக்கில் இருக்கின்றன. 'பேசிவிட்டாள், எல்லாம் சரியாகிவிட்டது' என்று பயிற்சிகளை நிறுத்தும் குடும்பங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா, முழுவதும் எடுத்தாகிவிட்டது, வேறு சிகிச்சை வேண்டாம் என்றார்கள். உண்மையிலேயே வேண்டாமா?

வேண்டாம். சிறுமூளையில் வரும், மெதுவாக வளரும் இந்த வகைக் கட்டி முழுசாக எடுக்கப்பட்டால் பத்து வருடத்துக்குப் பிறகும் 100-க்கு 90-க்கு மேற்பட்ட பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். ஸ்கேன்களை மட்டும் விடாதீர்கள். கோபம், கவனம், திட்டமிடுதல் ஆகியவற்றில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கலாம், சிறுமூளை நடைக்கு மட்டுமானது இல்லை. அப்படித் தெரிந்தால் மதிப்பீடு செய்யுங்கள். இல்லையென்றால் அவனை ஓட விடுங்கள்.

கிரேனியோஃபாரிஞ்சியோமா ஆபரேஷனுக்குப் பிறகு என் மகன் (11) ஒரே வருடத்தில் இரண்டு மடங்கு ஆகிவிட்டான். எப்போதும் பசி என்கிறான், திருடிச் சாப்பிடுகிறான். உறவினர்கள் எங்களைத் திட்டுகிறார்கள், நாங்கள் அவனைத் திட்டுகிறோம்.

யாரும் யாரையும் திட்ட வேண்டாம். சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லியிருப்பார்கள், அது உண்மை. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம், மூளையின் அடியில் ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரிக்கும், பசி, தூக்கம் போன்றவற்றைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸுக்கும் நடுவில். 'போதும், வயிறு நிறைந்துவிட்டது' என்ற செய்தி ஹைப்போதலாமஸில்தான் பதிவாகிறது. அது பாதிக்கப்பட்டால் சாப்பிட்டு முடித்த பிறகும் பசிக்கும், நிஜமாகவே பசிக்கும். கூடவே உடம்பு எரிக்கும் சக்தியும் குறைகிறது, அதனால் மற்றவர்கள் சாப்பிடும் அளவே சாப்பிட்டாலும் எடை ஏறும். மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை இது. 'கொஞ்சம் வாயைக் கட்டுடா' என்பதை அவன் ஆயிரம் முறை கேட்டிருப்பான்.

அவனிடம் கட்டுப்பாட்டைக் கேட்பதற்குப் பதிலாக வீட்டை மாற்றுங்கள். தின்பண்டம் கண்ணில் படாமல், முடிந்தால் வீட்டிலேயே இல்லாமல் இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் நிலையாக இருக்கட்டும், அடுத்த சாப்பாடு எப்போது என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும், தட்டில் வைத்த அளவுதான் எல்லோருக்கும். சமையலறையைப் பூட்டும் குடும்பங்கள் உண்டு, சில பிள்ளைகள் பூட்டிய பிறகு நிம்மதி என்கிறார்கள், ஆனால் அவனோடு பேசி, அவன் ஒப்புதலோடு செய்யுங்கள். பகலில் தூங்கி வழிகிறான் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், தூக்கம் கெடுவதும் இதன் பகுதி. எடை கூடுவதை நிறுத்துவதே இங்கே பெரிய வெற்றி.

எடையைவிட அவசரமான ஒன்று. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு, நோயையும் அதிர்ச்சியையும் தாங்க உடம்புக்குத் தேவையான கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்காது, ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைதான் அதை ஈடு செய்கிறது. உங்கள் மகனும் அதை எடுக்கிறான் என்றால், காய்ச்சல் வந்தாலோ சின்ன ஆபரேஷன் என்றாலோ அந்த அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசி போட வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு கூட்டுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, ஒரு பிரதியைப் பள்ளியில் கொடுங்கள், ஒன்று பிள்ளையின் பையில் இருக்கட்டும். அதிக தாகம், அதிக சிறுநீருக்கு டெஸ்மோப்ரெசின் எடுக்கிறான் என்றால் அதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். அது சர்க்கரை நோய் அல்ல என்பதையும் சேர்த்து எழுதினால் அவசரத்தில் குழப்பம் வராது.

தலைக்கும் முதுகுக்கும் ரேடியேஷன் எடுத்த மகளைவிட இப்போது தங்கை உயரம். வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தால் கட்டி திரும்பும் என்று சொல்கிறார்களே?

தலைக்கு ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு முதலில் குறைவது பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன்தான். அதைக் கொடுப்பதால் பழைய கட்டி திரும்புகிறது என்பதை இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. வழக்கமாகச் சிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது ஸ்கேன் சுத்தமாக இருந்த பிறகு தொடங்குவார்கள். முதுகெலும்புக்கே ரேடியேஷன் போயிருப்பதால் கால் வளரும் அளவு உடல் வளராது, அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்கு முன் பருவ மாற்றம் தெரிந்தால் உடனே ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள், அப்போது திடீரென வளர்வது போலத் தோன்றும், பிறகு சீக்கிரமே நின்றுவிடும்.

ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த பிள்ளைக்கு எப்போது பயப்பட வேண்டும்?

தலைவலியோடு வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், கண் மேலே பார்க்க முடியாமல் போவது, நடை கெடுவது, ஷன்ட் போகும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம், காரணம் தெரியாத காய்ச்சல். இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. எழுப்பினால் எழவில்லை என்றால் அந்த நிமிடமே. வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்துப் பார்த்துக் காலையில் போகலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். பத்து வருடம் ஒழுங்காக ஓடிய ஷன்ட்டும் அடைத்துக்கொள்ளும்.

எனக்கு 16 வயது. தம்பிக்கு மூளையில் ஆபரேஷன் ஆகி ஐந்து வருடம். அவனுக்கு ஃபிரெண்ட்ஸே இல்லை. அம்மா ஷூ லேஸ்கூடக் கட்டிவிடுகிறார். அவனே செய்யட்டும் என்று சொன்னால் எனக்குப் பொறாமை என்கிறார்கள்.

நீ சொல்வதுதான் சரி. இதை அம்மா அப்பாவிடம் காட்டு.

மூளைக்கட்டியிலிருந்து பிழைத்த பிள்ளைகளில் பலருக்கு ஒரு ஜோக் புரிய இரண்டு நொடி கூடுதலாக ஆகும், அதற்குள் கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போயிருக்கும். எதிரே இருப்பவர் முகத்தில் சலிப்பு இருக்கிறதா, கேலி இருக்கிறதா என்று படிப்பதும் சிரமம். பத்துப் பேர் கூட்டத்தில் அவன் காணாமல் போய்விடுவான், ஒரே ஒரு பையனோடு ஒரு விளையாட்டு என்றால் நன்றாக இருப்பான். அப்படி ஒருவனை வீட்டுக்கு அழைத்து வர நீ உதவலாம். ஷூ லேஸ் விஷயத்தில்: கை நடுங்கினால் ஒட்டும் பட்டி வைத்த ஷூ வாங்கலாம், ஆனால் போடுவது அவன்தான். வீட்டு வேலையில் ஏதாவது ஒன்று அவன் பொறுப்பாக இருக்கட்டும், மெதுவாகச் செய்தாலும் யாரும் பிடுங்கிச் செய்யக் கூடாது.

பெற்றோருக்கு: ஐந்து வருடமாக இந்தப் பெண் உங்கள் வீட்டில் எதையும் கேட்காமல் வளர்ந்திருக்கிறாள். அவளுக்கென்று வாரத்தில் ஒரு நேரம், ஸ்கேன் பேச்சே இல்லாமல், ஒதுக்குங்கள்.

எனக்கு 22 வயது. ஏழு வயதில் மெடுல்லோபிளாஸ்டோமா. இப்போது யாரிடமும் காட்டுவதில்லை, குழந்தைகள் மருத்துவர் இனி வர வேண்டாம் என்றுவிட்டார். நான் குணமாகிவிட்டேனா? வேலை, கல்யாணம் எல்லாம் நடக்குமா?

அந்தக் கட்டியிலிருந்து குணமாகிவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்து அது திரும்புவது மிக அரிது. ஆனால் ரேடியேஷன் எடுத்த மூளைக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கண் வேண்டும். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய குழந்தைப் பருவப் புற்றுநோயில் பிழைத்தோர் ஆய்வு, ஆயிரக்கணக்கானவர்களையும் அவர்களின் உடன்பிறந்தவர்களையும் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்துவருகிறது. அதில் தெரிந்தவை: ரேடியேஷன் பட்ட இடத்தில் பல வருடம் கழித்து மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் கட்டி) போன்ற வேறு கட்டி வரலாம், பக்கவாத வாய்ப்பு வயதை ஒத்தவர்களைவிட அதிகம், ஹார்மோன் குறைவுகள் புதிதாகத் தலைகாட்டலாம். எல்லோருக்கும் வரும் என்பதில்லை. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றை இந்த வயதிலிருந்தே பார்த்து வாருங்கள், புகையிலை பக்கமே போகாதீர்கள். முதுகெலும்பு ரேடியேஷன் பட்ட இடத்தில் புதிய மச்சமோ கட்டியோ வந்தால் காட்டுங்கள்.

மூளைக்கட்டியிலிருந்து பிழைத்தவர்களில் வேலையில் இருப்பவர்களும் திருமணம் ஆனவர்களும் உடன்பிறந்தவர்களைவிடக் குறைவு என்று அதே ஆய்வு சொல்கிறது, மறைப்பதில் பயனில்லை. ஆனால் வேலை பார்ப்பவர்கள், குடும்பம் நடத்துபவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். வேகம் கேட்கும் வேலையைவிட நிதானமும் ஒழுங்கும் கேட்கும் வேலை உங்களுக்குப் பொருந்தலாம். குழந்தைப்பேறு பற்றி, கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே ஹார்மோன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், எடுத்த கீமோ மருந்தையும், முதுகுக்கு விழுந்த ரேடியேஷன் எவ்வளவு கீழே வரை போனது என்பதையும் பொறுத்து பதில் மாறும்.

இதற்கெல்லாம் உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்: கட்டியின் வகை, ஆபரேஷன் தேதி, ரேடியேஷன் எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே, ஒவ்வொரு கீமோ மருந்தின் பெயரும் மொத்த அளவும், ஷன்ட் இருந்தால் அதன் மாடல். ஏழு வயதில் நடந்ததை உங்களால் நினைவிலிருந்து சொல்ல முடியாது, புதிதாகப் பார்க்கும் பெரியவர்களுக்கான டாக்டருக்கு அது இல்லாமல் எதைத் தேடுவது என்று தெரியாது. பழைய கோப்புகளைக் குறிப்பிட்ட வருடத்துக்கு மேல் மருத்துவமனைகள் வைத்திருக்காமல் போகலாம். எனவே கேட்பதை இந்த வாரமே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், கிடைத்ததும் போட்டோ எடுத்து அம்மா போனிலும் ஒன்று வையுங்கள்.